பிள்ளையைப் பார்க்க எல்லாரும் வர்றாங்க, பெத்தவளை யார் பார்க்கிறது?

(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் நாங்கள் ஆற்றிய உரை. அன்று வர முடியாமல் போனவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பெரும்பாலும் பேசியபடியே இங்கே தருகிறோம்.)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையை இறக்கின கையோடு நேரே இந்தப் பிள்ளைமடுவத்துக்கு வந்திருக்கிறீர்கள். இப்போது வாசலில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். மாட்டட்டும். நம்ம வாய்க்கு அது பிள்ளைமடுவம்தான். அந்தி நேரத்தில் உங்களுக்கு அடுப்பு வேலை காத்திருக்கிறது என்பது தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

லயத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் பார்க்க எத்தனை பேர் வருகிறோம்! சோப்பு, பவுடர், சட்டை எல்லாம் கொண்டு போகிறோம். "எத்தனை கிலோ?" "யார் ஜாடை?" "மூக்கைப் பாரு, அப்படியே அப்பாயி மூக்கு" என்கிறோம். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் மூலையில் பாய் போட்டுப் படுத்திருக்கிற அந்தப் பொம்பளைப் பிள்ளையிடம் "நீ சாப்பிட்டியாம்மா? ராத்திரி தூங்கினியா?" என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? நாங்களும் கேட்காமல் வந்திருக்கிறோம். உங்களைக் குறை சொல்வதாக நினைக்கக்கூடாது.

கேட்காமல் விட்டதன் விலையை நாங்கள் ஒரு தடவை நேரில் பார்த்தோம். இரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு தோட்டம், ரோட்டிலிருந்து வெகு மேலே இருக்கிற ஒரு டிவிஷன். பெயர் வேண்டாம். இருபத்தொரு வயதுப் பிள்ளை, தலைப்பிரசவம். அம்மா குவைத்தில் வீட்டு வேலை. புருஷன் கொழும்பில் ஒரு கடையில். இரண்டு நாள் லீவு கிடைத்தது, பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். மாமியார் நல்ல மனுஷி, ஆனால் அவர் மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. காலையில் ஏழு மணிக்குக் காம்பரா காலியாகிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாளே அந்தப் பிள்ளை பீலிக்கரையில் தண்ணி சுமந்தது. மருத்துவ மாது ஒரு தடவை ஏறி வந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து இவள் துணி துவைக்கப் போயிருக்கிறாள், கதவில் பூட்டு.

நாங்கள் ஒன்பதாம் நாள் வேறு காரியமாக அந்த லயத்துக்குப் போனோம். பிள்ளை கத்துகிற சத்தம் கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் பக்கத்துக் காம்பராக்காரம்மா சீனித் தண்ணியைத் துணியில் நனைத்துப் பிள்ளை வாயில் பிழிந்துகொண்டிருக்கிறார். "பால் பத்தலைங்க, பாவம்" என்றார். தாயின் கையைத் தொட்டோம், அனலாய்க் கொதித்தது. இரண்டு நாளாய்க் காய்ச்சலாம். கீழே போவதிலும் கெட்ட வாடையாம். "ஏம்மா யாருக்கும் சொல்லலை?" என்று கேட்டதற்கு அவள் சொன்னது இதுதான்: "சொன்னா மாமிக்கு வேலை கெடும்." ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கர்ப்பப்பையில் கிருமி ஏறியிருந்தது. ஒரு வாரம் கட்டிலில் இருந்து, ஊசி மருந்தில் பிழைத்து வந்தாள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்று நினைக்கவே மனசு வரவில்லை.

இதில் யார் மேல் குற்றம் சொல்வது? மாமியார் நல்லவர், பக்கத்து வீட்டம்மா நல்லவர், மருத்துவ மாதும் மலை ஏறி வந்தவர்தான். எல்லாரும் நல்லவர்கள், எல்லாருக்கும் வேலை இருந்தது. அந்தப் பத்து நாளில் அவளுக்கென்று ஒரு ஆள் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

இப்படி ஒரு ஆளுக்கு வெளிநாட்டில் ஒரு பெயர் இருக்கிறது: டூலா. பணிப்பெண் என்று அர்த்தம் வரும் பழைய கிரேக்கச் சொல். டானா ராஃபேல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தாய்ப்பால் பற்றி ஆராய்ந்து 1973இல் ஒரு புத்தகம் எழுதினார். பெத்தவளுக்கு ஒத்தாசையாய் இன்னொரு பெண் பக்கத்தில் இருக்கிற இடங்களில்தான் பால் கொடுப்பது நன்றாய் நடக்கிறது என்று கண்டு, அந்த ஒத்தாசைக்காரிக்கு டூலா என்று பெயர் வைத்தார். தாய்க்குத் தாயாய் இருப்பது என்பது அவர் கருத்து. இப்போது மேல்நாட்டில் காசு கொடுத்து அப்படி ஆள் வைத்துக்கொள்கிறார்கள். நெதர்லாந்தில் இன்னும் ஒரு படி மேல். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பயிற்சி பெற்ற ஒரு பெண் எட்டுப் பத்து நாள் தினமும் வருகிறார். தாயையும் பிள்ளையையும் பார்த்து, பால் கொடுக்கக் காட்டிக் கொடுத்து, வீட்டு வேலையிலும் கை கொடுக்கிறார். செலவில் பெரும்பங்கைச் சுகாதாரக் காப்புறுதி கட்டுகிறது.

இதைக் கேட்டவுடனே முன் வரிசையில் இருக்கிற ஆத்தா சிரிக்கிறார். "இது நாங்க செஞ்சதுதானே" என்கிற சிரிப்பு. உண்மைதான். அம்மாயி வந்து உட்கார்ந்து பதினாறு நாள், முப்பது நாள் பார்த்ததெல்லாம் இதுதான். ஆனால் ஆத்தா கோபிக்கக்கூடாது, அந்தக் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடவும் ஒன்றும் இல்லை. அப்போது தோட்டத்தில் செத்துப்போன கைக்குழந்தைகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிக அதிகம். இன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் இரத்தினபுரி, பலாங்கொடை, கஹவத்தை, கரவனெல்லை, கேகாலை என்று ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. அதனால் உயிர்கள் தப்புகின்றன. பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது சரி. அதற்கப்புறமுள்ள நாற்பது நாள்தான் யார் கையிலும் இல்லாமல் நடுவழியில் நிற்கிறது. அம்மாயிக்கு இப்போது ஐம்பது வயது, அவரும் மலையில் கொழுந்து எடுக்கிறார். இல்லையென்றால் வெளிநாட்டில் இருக்கிறார்.

அரசாங்க மருத்துவ மாது இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார். முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை, மாதம் முடியுமுன் ஒரு தடவை, நாற்பத்திரண்டாம் நாள் வாக்கில் ஒரு தடவை வீட்டுக்கு வருவது முறை. அதை விடாதீர்கள். பிள்ளை பிறந்த சேதியை அன்றைக்கே அவருக்குச் சொல்லி அனுப்புங்கள், வருகிற நாளில் வீட்டில் இருங்கள். ஆனால் அவர் வந்து அரைமணி நேரம் இருப்பார். மிச்ச இருபத்துமூன்றரை மணி நேரத்துக்குத்தான் லயத்தில் ஒரு ஆள் வேண்டும் என்கிறோம்.

அந்த ஆள் என்ன செய்யவேண்டும்? பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். பீலியிலிருந்து தண்ணி கொண்டு வந்து வைப்பது. விறகு. துணி அலசுவது. மத்தியானம் சுடச்சுடச் சோறு ஆக்கி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பது. வைத்துவிட்டுப் போனால் அவள் சாப்பிடமாட்டாள், மூத்த பிள்ளைக்கு ஊட்டிவிடுவாள். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீ போய் ஒரு மணி நேரம் கண்ணை மூடு" என்பது. அந்த ஒரு மணி நேரத் தூக்கம் எந்த டானிக்கிலும் கிடைக்காது.

அடுத்தது பால். நாங்கள் போகிற இடமெல்லாம் கேட்கிற வார்த்தை "பால் பத்தலை". முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சளாய்க் கொஞ்சமாய் வருகிற சீம்பால்தான் அந்தப் பிள்ளைக்குத் தேவை. அதைப் பீச்சிக் கொட்டிவிடாதீர்கள். பிறந்த பிள்ளையின் வயிறு சின்னது, ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்கும். அதனால் "இப்பதானே குடிச்சுது, மறுபடியும் அழுவுது" என்பது பால் பத்தாததற்கு அடையாளமில்லை. மூத்திரத்தைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் துணி நனைந்தால் பால் போகிறது என்று அர்த்தம். துணையாய் இருக்கிறவர் செய்யவேண்டியது கம்பளியைச் சுருட்டி தாயின் முதுகுக்கும் முழங்கைக்கும் அண்டைகொடுப்பது. பிள்ளை காம்பை மட்டும் கடிக்காமல் வாயை நன்றாய்த் திறந்து கறுப்புப் பகுதியையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்று பார்ப்பது. காம்பு வெடிப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பிடி சரியில்லாததால்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர சீனித் தண்ணி, கொத்தமல்லித் தண்ணி, கோரோசனை ஒன்றும் வேண்டாம். டாக்டர் எழுதித் தந்த மருந்து வேறு விஷயம்.

நம்ம வழக்கங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பூண்டு, முருங்கைக்கீரை, கருவாடு, காயமருந்து அரைத்துக் கொடுப்பதையெல்லாம் நாங்கள் தடுக்கவில்லை. சோற்றோடு பருப்பு, முட்டை, கிளினிக்கில் கொடுக்கிற இரும்பு மாத்திரை, திரிபோஷா இவையும் போகட்டும். திரிபோஷா தாய்க்குக் கொடுத்தது. வீட்டில் உருண்டை பிடித்தால் முதல் உருண்டை அவளுக்கு. ஆனால் "தண்ணி குடிச்சா வயிறு ஊதும்" என்று தாகத்துக்குத் தண்ணி கொடுக்காமல் இருப்பதை விட்டுவிடுங்கள். பால் ஊறுகிறவளுக்குத் தாகம் எடுக்கும். இன்னொன்று, சாக்கை அடைத்து, ஜன்னலைச் சாத்தி, உள்ளே விறகுப் புகை. நுவரெலியாக் குளிருக்கு ஏதோ சொல்லலாம். நம்ம இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் வேர்த்துக் கொட்டுகிறது, இங்கே எதற்கு? அந்தப் புகை பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகிறது. தொப்புளில் சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும் போடாமல் காயவிடுங்கள்.

தீட்டு என்று தனியாய் மூலையில் வைப்பதைப் பற்றியும் கேட்டீர்கள். அந்த வழக்கத்தால் பெத்தவளுக்கு அடுப்படி வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, அது நல்லது. யாரும் தொடாமல், யாரும் பக்கத்தில் உட்காராமல் விடுவது நல்லதல்ல. ஓய்வை வைத்துக்கொள்வோம், ஒதுக்குவதை விடுவோம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அடையாளங்களைத் துணையாய் இருக்கிறவர் மனப்பாடமாய் வைத்திருக்கவேண்டும். தாய்க்கு ஒரு மணித்தியாலத்துக்குள் துணி முழுக்க நனைகிற இரத்தப்போக்கு, காய்ச்சல், கெட்ட வாடை, தாங்கமுடியாத தலைவலியும் கண் மங்கலும், வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல். பிரசவம் முடிந்த பிறகும் வலிப்பு வரும், ஞாபகம் வையுங்கள். பிள்ளைக்கு என்றால் பால் குடிக்காமல் சுருண்டு கிடப்பது, உடம்பு சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது, வேகமாய் மூச்சு வாங்குவது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ். இதில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. சுவசெரிய அம்புலன்ஸ் 1990, காசு இல்லை. லயம் வரை வண்டி ஏறாத இடமென்றால் ரோடு வரை தூக்கிக்கொண்டு வர நாலு ஆம்பிளைகள் யார் யார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். தம்பிமார்களே, இது உங்களுக்குத்தான்.

சப்ரகமுவையில் நமக்கு இன்னொரு சங்கடம், பாஷை. ஆஸ்பத்திரியில் சொல்வது சிங்களத்தில், துண்டில் எழுதுவது சிங்களத்தில் அல்லது இங்கிலீசில். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம், மாத்திரை எப்போது போடுவது என்று தெரியாது. இங்கே ஸ்கூலுக்குப் போன பிள்ளைகள் நன்றாய்ச் சிங்களம் பேசுகிறார்கள். கிளினிக்குக்குக் கூடப் போகிறவர் அப்படி ஒரு தங்கச்சியாய் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து துண்டை வாசித்துக் காட்டுவதும் டூலா வேலைதான்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாய்க் கேளுங்கள். பிள்ளை பிறந்து மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும்; பலருக்கும் வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். போகாமல், பிள்ளை மேல் பற்றில்லாமல், தூக்கமில்லாமல், சோறு பிடிக்காமல், "நான் எதுக்கு இருக்கேன்" என்று பேச ஆரம்பித்தால் அது நோய். வளர்முக நாடுகளில் பிள்ளை பெத்த நூறு பேரில் ஏறக்குறைய இருபது பேருக்கு இப்படி மனநோய் வருகிறது, அதிலும் மனச்சோர்வே அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சோம்பேறித்தனம் என்கிறோம், பேய் என்கிறோம். கயிறு கட்டுவது உங்கள் விருப்பம், கட்டின கையோடு கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள். இதைக் கண்டுபிடிக்கப் பத்துக் கேள்விகள் இருக்கின்றன, எடின்பரோவில் 1987இல் உருவானவை, தமிழிலும் இருக்கின்றன. ராத்திரியானால் மனநலத்துக்கென்றே 1926 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துகொள்வேன் என்றாலோ, இல்லாத சத்தம் கேட்கிறது என்றாலோ ஒரு நிமிஷமும் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இந்த வேலையைப் படிக்காத நாம் செய்யமுடியுமா என்று சந்தேகம் வரும். பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் செய்து பார்த்தார்கள். அதீஃப் ரஹ்மான் என்ற மனநல டாக்டரும் கூட்டாளிகளும் 2008இல் எழுதினார்கள். மனச்சோர்வோடு இருந்த 900க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டார்கள். டாக்டர்களை அனுப்பவில்லை, ஊரில் வீடு வீடாய்ப் போகிற சாதாரண சுகாதாரப் பெண்களையே அனுப்பினார்கள். பாதி ஊர்களில் அந்தப் பெண்களுக்கு எப்படிக் கேட்பது, எப்படிப் பேசுவது என்று பயிற்சி. மற்றப் பாதியில் பயிற்சியில்லை, ஆனால் போகிற தடவைகள் அதே எண்ணிக்கை. பிள்ளைக்கு ஆறு மாதமானபோது பயிற்சி இல்லாத பக்கம் நூற்றுக்கு 53 பேருக்கு இன்னும் சோர்வு தீரவில்லை. பயிற்சி பெற்ற பக்கம் 23 பேர்தான். எங்களை யோசிக்க வைத்தது இதுதான்: சும்மா போய் உட்கார்ந்தால் போதவில்லை. "ஏன் அழுவுறே, ஆம்பிளைப் பிள்ளைதானே பொறந்திருக்கு" என்று சொல்கிறவரும் வீட்டுக்குப் போனவர்தான். புத்தி சொல்லாமல் கேட்பதற்கு நாம் பழகவேண்டும். எங்களுக்கே அது லேசில் வரவில்லை.

ஆம்பிளைகளுக்கு ஒரு வார்த்தை. தண்ணி தூக்கினால் மீசை உதிர்ந்துவிடாது. பிள்ளைத்துணி அலசுகிற தகப்பனை இப்போது இரண்டொரு லயத்தில் பார்க்கிறோம். முதலில் சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் போத்தல் வாங்குகிற காசில் ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காசைப் பற்றிப் பேசாமல் முடித்தால் நீங்கள் மன்னிக்கமாட்டீர்கள். 1939ஆம் ஆண்டின் பிரசவ சகாயக் கட்டளைச் சட்டம் தோட்டப் பெண்களுக்கும் உண்டு. முன்பு மூன்றாம் பிள்ளையிலிருந்து 42 நாள்தான். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். பிரசவமாகி நாலு வாரத்துக்குள் உங்களை வேலைக்கு எடுப்பதே சட்டப்படி குற்றம். பேர் போடலாம் வா என்று யார் கூப்பிட்டாலும் போகவேண்டாம். வேலைக்குத் திரும்பிய பிறகு, பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை, பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைமடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரைமணிக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒரு மணிக்குக் குறையாமல். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. மலையிலிருந்து பிள்ளைமடுவத்துக்கு ஏறி இறங்கவே அரைமணி போய்விடுகிறது என்கிறீர்கள், நியாயமான பேச்சு. பிள்ளைக்காரிகளை மடுவத்துக்குக் கிட்டின மலையில் போடும்படி கங்காணியிடமும் தொரையிடமும் கேட்கலாம். சில தோட்டங்களில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

முதலில் சொன்ன அந்த டிவிஷனுக்கு மறுபடியும் வருகிறோம். அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ராத்திரி லயத்துப் பொம்பளைகள் ஆறு பேர் இஸ்தோப்பில் கூடினார்கள். கூட்டினது யார் தெரியுமா? சீனித் தண்ணி கொடுத்த அதே அம்மாதான். காலையில் மலைக்குப் போகுமுன் ஒரு வீடு தண்ணி, ஒரு வீடு விறகு. மத்தியானச் சோறு முறை வைத்து. பகலில் கூட இருக்க, பென்ஷன் வாங்கி வீட்டில் இருக்கிற ஒரு ஆத்தா. அவருக்குக் கண் மங்கல், பாரம் தூக்கமுடியாது. ஆனால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கதை சொல்வார். கிளினிக்குக்குப் போக ஓ.எல். எழுதின ஒரு தங்கச்சி. யாருக்கும் ஒரு நாள் பேர்கூடப் போகவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் அந்த லயத்தில் நாலு பிள்ளை பிறந்தது, நாலுக்கும் அதே முறை. இடையில் ஒரு தடவை இரண்டு வீட்டுக்குள் சண்டை, தண்ணி முறை நின்றுபோனது. ஆத்தா போய்த் திட்டி மறுபடி ஓடவைத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த டிவிஷனில் ஐந்தாம் நம்பர் லயத்தில் வருகிற மாதம் ஒரு பிரசவம் இருக்கிறதாம். அந்தப் பிள்ளையும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறது. தண்ணிக்கு யார், சோற்றுக்கு யார், பகலில் கூட இருக்க யார், ராத்திரியில் ரோடு வரை தூக்க எந்த நாலு பேர் என்று தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஆயம்மாவிடம் பெயர் கொடுங்கள். அவர் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.